அப்பாவின் ஜனதா மறுபடி ஓடிய கதை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், 'நம்ம வீட்டுக் கைவேலை' நிகழ்ச்சியில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



போன கூட்டத்தில் இதே இடத்தில் நின்று லிஃப்ட் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். அதற்குத் தண்டனையாகத்தான் செயலாளர் இந்தத் தடவை என் பெயரை எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். "மேடம், நீங்க வாட்ச் ரிப்பேர் பண்றீங்களாமே, அதைப் பத்திப் பதினைந்து நிமிஷம் பேசுங்க" என்றார். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வாட்ச் மெக்கானிக் இல்லை. முப்பத்திரண்டு வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கடந்த இரண்டு வருடமாகப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஓட வைத்தது ஒன்பது, கெடுத்தது ஐந்து. கெடுத்த ஐந்தில் ஒன்று என் அப்பாவுடைய வாட்ச். இன்றைக்குப் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

பவுடர் டப்பாவில் கிடந்த வாட்ச்

அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். காலையில் ஆறரைக்கு காவிரிப் பக்கம் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வயது எண்பத்து நாலு. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அம்மா போன பிறகு பொன்மலை வீட்டைக் காலி செய்து எங்களோடு கூட்டிவந்தோம். சாமான் ஒழிக்கும்போது ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் பொத்தான், ஊக்கு, செல்லாத பத்துப் பைசா எல்லாவற்றோடும் இந்த வாட்சும் கிடந்தது. எச்.எம்.டி. ஜனதா.

1974 மே மாதம் நடந்த ரயில்வே வேலைநிறுத்தம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது முடிந்து அடுத்த வருடம் அப்பாவுக்கு கார்டு பதவி உயர்வு வந்தது. கார்டு என்றால் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனைத் தாண்டும் நேரத்தையும் எழுதியாக வேண்டும். அதுவரை தாத்தாவின் பழைய வாட்சை வைத்து ஒப்பேற்றியவர், அப்போதுதான் இதை வாங்கினார். கேட்ட மாடல் கேட்டவுடன் கிடைக்காத காலம். சொல்லி வைத்து, ஐந்து மாதம் காத்திருந்து வாங்கியதாக அம்மா சொல்வார். ஓய்வு பெறும்வரை அதுதான் அவர் கையில். இதே ஜீயபுரம் ஸ்டேஷனை கரூர் லைனில் எத்தனை ஆயிரம் தடவை அந்த வாட்சைப் பார்த்துக்கொண்டே தாண்டியிருப்பாரோ.

டவுனுக்கு எடுத்துப்போய் ஒரு கடையில் காட்டினேன். கடை எது என்று கேட்காதீர்கள். அங்கிருந்த பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இதெல்லாம் ஓடாதுங்க. பார்ட்ஸ் வராது. உள்ளே பேட்டரி மெஷின் போட்டு, டயலையும் புதுசாக்கித் தரேன், வெளியே பார்க்க இதே மாதிரி இருக்கும்" என்றான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டி வாட்சை வாங்கி, மறுபடி அந்தப் பவுடர் டப்பாவிலேயே போட்டு மூடினார். அந்த மூடிச் சத்தம்தான் என்னை இந்த வேலைக்கு இழுத்து விட்டது.

நாட்டுக்கே நேரம் சொன்ன கம்பெனி

ஜனதாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எச்.எம்.டி. என்பது ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். 1953-இல் பெங்களூரில் லேத், மில்லிங் மெஷின் மாதிரியான இயந்திரங்கள் செய்வதற்காகத் தொடங்கிய அரசு நிறுவனம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் நம் ஊரில் நல்ல வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்திலிருந்து வரவேண்டும். எச்.எம்.டி. வந்த பிறகுதான் மாதச் சம்பளக்காரன் கையில் வாட்ச் ஏறியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஜவான், காஞ்சன் என்று வரிசையாகப் பெயர்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி., பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் எச்.எம்.டி., ரிட்டயர் ஆனால் எச்.எம்.டி. பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து நேரம் தெரிந்துகொள்ளும் பிரெய்ல் வாட்ச்கூடச் செய்தார்கள். பெங்களூர் தவிர தும்கூர், ஸ்ரீநகர், இமயமலை அடிவாரத்தில் ராணிபாக் என்று தொழிற்சாலைகள் இருந்தன.

பிறகு குவார்ட்ஸ் வந்தது. 1969 டிசம்பரில் ஜப்பானில் செய்கோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் பக்கம் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை வைத்தார்கள். சாவி கொடுக்கவே வேண்டாம், நேரம் தப்பாது, பார்க்கவும் அழகு. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது, ஆனால் போட்டியில் நிற்க முடியவில்லை. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட ஒப்புதல் கொடுத்தது. இன்றைக்கு பெங்களூர் ஜாலஹள்ளிப் பக்கம் போனால் எச்.எம்.டி. அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிப்போங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

சாவி கொடுக்கும் வாட்சில் பேட்டரி கிடையாது. பக்கத்தில் இருக்கும் சாவியைத் திருகும்போது, உள்ளே ஒரு சின்ன டப்பாவுக்குள் இருக்கும் எஃகு நாடா சுருண்டு இறுகுகிறது. அதுதான் மெயின் ஸ்பிரிங். அது பிரியப் பார்க்கும். ஆனால் ஒரேயடியாகப் பிரிய விட்டால் எல்லா முள்ளும் சில நொடியில் சுற்றி நின்றுவிடும். அதனால் நான்கு சக்கரம் தாண்டி ஒரு காவல்காரன் இருக்கிறான். பாலட் ஃபோர்க் என்று பெயர், நங்கூரம் மாதிரி இருக்கும். ஒரு பல்லை விடுவான், அடுத்த பல்லைப் பிடிப்பான். அந்தப் பிடிக்கும் சத்தம்தான் நாம் கேட்கும் டிக் டிக். எப்போது விட வேண்டும் என்று அவனுக்குச் சொல்வது பாலன்ஸ் சக்கரம். ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அதை இழுத்துத் திருப்புவது ஹேர் ஸ்பிரிங். பெயருக்கேற்ற மாதிரி முடி போல மெல்லியது.

இந்த மாதிரி வாட்ச்களில் அந்த ஊஞ்சல் நொடிக்கு ஐந்து தடவை அடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 தடவை. வருடத்துக்கு 15 கோடியே 76 லட்சம். நம்ம பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த நுனியில் நின்றுகொண்டு இத்தனை கோடித் தடவை ஆட வேண்டுமென்றால் தேயாத ஒரு தாங்கி வேண்டும். அதற்குத்தான் மாணிக்கக் கல். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "உள்ளே பதினேழு கல் இருக்கு, விற்றால் என்ன வரும்?" என்று நம் காவலாளி அண்ணன் கேட்டார். ஒன்றும் வராது. எல்லாம் செயற்கை மாணிக்கம். 1902-இல் பிரான்ஸ் நாட்டு வெர்னூய் என்பவர் தீச்சுடரில் அலுமினா தூளை உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அன்றிலிருந்து வாட்ச் கல் மலிவாகிவிட்டது. ஆனால் அந்தப் பதினேழும் ஒவ்வொரு இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கின்றன. பாலன்ஸுக்கு ஐந்து, காவல்காரனுக்கு நான்கு, நான்கு சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக எட்டு. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

டயலில் 'பாராஷாக்' என்று இன்னொரு வார்த்தையும் இருக்கும். பலர் அதை மாடல் பெயர் என்று நினைக்கிறார்கள். வாட்ச் கீழே விழுந்தால் அந்த மெல்லிய அச்சு நுனி ஒடியாமல் இருக்க, கல்லைச் சின்ன ஸ்பிரிங்கில் உட்கார வைத்திருக்கும் ஏற்பாடு அது.

கற்றுக்கொண்டதும் கெடுத்ததும்

அப்பா வாட்சை நான் உடனே தொடவில்லை. அந்த அளவு புத்தி இருந்தது. ஒரு பழைய சாமான் கடையில் ஓடாத வாட்ச்களைத் தட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். நான்கு வாங்கினேன். நல்ல ஸ்க்ரூ டிரைவர் மூன்று, இரண்டு ட்வீசர், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், ரப்பர் ஊதுகுழல், வாட்ச் எண்ணெய் சின்னப் பாட்டில் இரண்டு. இதுதான் என் தொழிற்சாலை. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, இடுப்பில் ஏப்ரன் கட்டி, அதன் மறு நுனியை மேஜையோடு கிளிப் போட்டுக்கொள்வேன். கீழே விழும் ஸ்க்ரூ மடியில் விழட்டும் என்றுதான். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வந்தால் ஃபேனைப் போட்டுவிடுவார், அதற்கு ஒரு சண்டை தனி.

முதல் நான்கில் மூன்றைக் கெடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஒன்றில் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்காமலேயே காவல்காரனை வெளியே எடுத்துவிட்டேன். சக்கரமெல்லாம் 'விர்' என்று சுற்றி ஒரு அச்சு நுனி போய்விட்டது. இன்னொன்றில் ஒரு ஸ்க்ரூ அசையவில்லை என்று பலமாகத் திருகினேன், தலை கையோடு வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, சாவிக்குப் பக்கத்துச் சக்கரத்தின் ஸ்க்ரூ பல வாட்ச்களில் எதிர்ப்பக்கம் திருகும் மரை. மூன்றாவதில் சுத்தம் செய்கிறேன் என்று காவல்காரனை ஸ்பிரிட்டில் ஊற வைத்தேன். அதன் இரண்டு கற்களும் கழன்று மிதந்தன. அந்தக் கற்களை ஒட்டியிருப்பது அரக்கு. நம் ஊர்த் தபால் பார்சலில் சீல் வைக்கிற அதே அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் வாட்ச்காரர்கள் அரக்கில்தான் ஒட்டுகிறார்கள் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நான்காவது ஓடியது. அன்றைக்கு வீட்டில் கேசரி.

எட்டு மாதம் கழித்துத்தான் அப்பாவின் வாட்சைத் திறந்தேன். உள்ளே எதுவும் உடையவில்லை. எண்ணெய் எல்லாம் காய்ந்து பழுப்புப் பசையாக இறுகியிருந்தது. சாவிப் பக்கம் வியர்வை இறங்கிக் கொஞ்சம் துரு. அவ்வளவுதான். அந்தக் கடைப் பையன் மூடியைத் திறந்திருந்தாலே தெரிந்திருக்கும். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, போட்டோ எடுத்து, முட்டை அட்டைக் குழிகளில் வரிசைப்படி வைத்தேன். கழுவினேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக பாலன்ஸைத் தூக்கும்போது ட்வீசர் நுனி ஹேர் ஸ்பிரிங்கில் சிக்கியது. கண் சிமிட்டும் நேரம். சுருள் சுருளாக இருந்தது, அறுந்த கொலுசு மாதிரி இழுபட்டுத் தொங்கியது.

சரி செய்யப் பார்த்தேன். இன்னும் கோணியது. மணி இரவு பதினொன்றரை. அப்பா உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வருடம் அவர் பத்திரமாக வைத்திருந்ததை நான் ஒரு ராத்திரியில் கெடுத்துவிட்டேன்.

பதினொரு நாள் அவரிடம் சொல்லவில்லை. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார், "எண்ணெய் வரணும்ப்பா" என்றேன். வங்கியில் ஒரு ரூபாய் கணக்கு உதைத்தாலும் மேலாளரிடம் போய் நிற்பவள், அப்பாவிடம் பொய் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் காலை காபி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். "அப்பா, உன் வாட்சோட முக்கியமான பாகத்தைக் கெடுத்துட்டேன். வேற ஒரு ஜனதாவிலிருந்து எடுத்துப் போடணும். போட்டா ஓடும். ஆனா அது உன் வாட்சா இருக்குமான்னு தெரியல" என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா, எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் பொன்மலைக்குப் போகும். சக்கரம் மாத்துவான், பைப் மாத்துவான், என்னென்னமோ மாத்துவான். வெளியே வரும்போது அதே நம்பர்தான். அதே டிரைவர் அதே வண்டின்னுதான் ஏறுவான். நீ மாத்து."

அவர் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. பொன்மலை பணிமனையைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுபடி ஓடியது

தானம் கொடுக்கும் வாட்ச் தேடினேன். கேஸ் முழுக்கப் பச்சைப் பாசி பிடித்து, டயல் போன ஒரு ஜனதா கிடைத்தது. அதன் பாலன்ஸ் நன்றாக இருந்தது. இந்தத் தடவை நானே தூக்கவில்லை. மலைக்கோட்டைப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். "நீங்க போடுங்க, நான் பார்க்கிறேன்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூச்சைப் பிடித்து, கையை மேஜையோடு அழுத்தி வைத்துக்கொண்டு, மணிக்கட்டை அசைக்காமல் விரலை மட்டும் அசைத்தார். "கை நடுங்குறது வயசுல இல்லம்மா, முழங்கை அந்தரத்துல தொங்கறதுல" என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத வரி. அவர் கேட்ட கூலியைப் போல இரண்டு மடங்கு கொடுத்தேன், பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாலன்ஸ் உட்கார்ந்தது. சாவியை இரண்டு சுற்றுக் கொடுத்தோம். ஒன்றும் இல்லை. வாட்சை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினார். சக்கரம் ஆட ஆரம்பித்தது.

டயலை நான் மாற்றவில்லை. ஆறுமணிப் பக்கம் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. ஒரு மழை நாளில் பிரேக் வேனில் நனைந்ததில் வந்தது என்று அப்பாவே சொன்னார். கேஸைப் பளபளவென்று பாலிஷ் போடவும் இல்லை. மேல்கண்ணாடியை மட்டும் பாலிஷ் களிம்பு போட்டுத் துணியால் தேய்த்தேன். அது நிஜக் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். கீறல் எல்லாம் தேய்த்தாலே போய்விடும்.

நேரம் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு நாற்பது நொடி முன்னால் ஓடுகிறது. "நாற்பது நொடியா, என் போன் ஒரு நொடிகூடத் தப்பாது" என்று பேரன் சிரித்தான். ஒரு நாளைக்கு 86,400 நொடி. நாற்பது என்பது அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரி இல்லாமல், சிக்னல் இல்லாமல், ஒரு எஃகு நாடாவை வைத்துக்கொண்டு இத்தனை வயதுள்ள ஒரு இயந்திரம் இந்த அளவு சரியாக இருக்கிறது என்றால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 தடவை அதிரும், இது ஐந்து தடவைதான் அடிக்கும். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

உங்கள் அலமாரியில் இருப்பவை

இனி உங்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, போகிக்கு ஒழிக்கும் சாமானில் பழைய வாட்சைப் போடாதீர்கள். 'ஓவராகச் சாவி கொடுத்ததால் நின்றுவிட்டது' என்று சொல்லி வைத்திருப்பீர்கள். கையால் சாவி கொடுக்கும் நல்ல வாட்ச் முழுதாக இறுகியதும் தானே தடுத்துவிடும். அங்கே நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. நின்றுபோனதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்த எண்ணெய்தான். ஆனால் பல வருடம் கிடந்த வாட்சைக் கண்டெடுத்ததும் சாவி கொடுத்துக் கொடுத்து ஓட வைக்காதீர்கள். எண்ணெய் இல்லாமல் ஓடினால் அச்சு தேயும். சுத்தம் செய்த பிறகு ஓட்டுங்கள்.

இரண்டாவது, ஓடுகிற வாட்ச் என்றால் தினம் ஒரே நேரத்தில், காலையில், சாவி கொடுங்கள். குளிக்கும்போது கழற்றுங்கள். பழைய வாட்சில் 'வாட்டர்' என்று என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ கல்லாகியிருக்கும். தண்ணீர் போய் உள்ளே ஆவி தெரிந்தால் அரிசி டப்பாவில் புதைத்து வைத்துக் காத்திருக்க வேண்டாம். அன்றே திறந்து காய வைக்கிறவரிடம் கொண்டுபோங்கள். துரு ஒரு ராத்திரியில் ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, திடீரென்று வாட்ச் மணிக்குச் சில நிமிடம் முன்னால் ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, ஹேண்ட் பேக்கின் காந்தப் பொத்தான் இவற்றின் மேல் வைக்காதீர்கள். காந்தம் நீக்கும் சின்னக் கருவி என்னிடம் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை.

நான்காவது, ஆன்லைனில் 'பழைய எச்.எம்.டி., புத்தம் புதுசு போல' என்று நீலம், ஆரஞ்சு, பச்சை டயலோடு மலிவாக வரும். பெரும்பாலும் டயல் புதிதாக அச்சடித்தது, உள்ளே நான்கு வாட்சின் பாகங்கள் கலந்தது. அழகுக்கு வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள். தாத்தா காலத்து வாட்ச் என்று நினைத்து வாங்காதீர்கள்.

ஐந்தாவது கொஞ்சம் முக்கியம். உங்கள் வீட்டில் 1960-களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்ச் இருந்து, எண்களின் மேல் பழுப்பேறிய, இருட்டில் ஒளிர்ந்த பூச்சு இருந்தால் அதைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். அந்தக் காலத்தில் ரேடியம் கலந்து பூசுவார்கள். ஒளி மங்கியிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அப்படிப்பட்ட வாட்சை என்னிடமும் கொண்டுவராதீர்கள்.

ஆறாவது, அலமாரியில் நின்றுபோன பேட்டரி வாட்ச் இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும். கழற்றிய பொத்தான் பேட்டரி குழந்தை கைக்கு எட்டக் கூடாது. விழுங்கிவிட்டால் வலி வரட்டும் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை மட்டுமாவது இன்றைக்கு எடுத்துப் போங்கள்.

ஏழாவது ஒரு வேண்டுகோள். டவுனில் இன்னும் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மாலில் ஸ்ட்ராப் மாற்றக் கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம், இவர்கள் ஒரு நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலைக்கு இருநூறு ரூபாய் பேரம் பேசுகிறோம். பேசாதீர்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள், உங்கள் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் சந்தித்த பெரியவரிடம் வேலை கற்றுக்கொள்ள யாரும் வரவில்லையாம். அவர் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

எனக்குச் செய்ய முடிந்தது

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு முதல் ஆறு வரை சங்க அறையில் உட்காரலாம் என்று தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். சாவி கொடுக்கும் எச்.எம்.டி. போன்ற எளிய வாட்ச் இருந்தால் கொண்டுவாருங்கள். கூலி வேண்டாம், எண்ணெய்க்கும் பாகத்துக்கும் ஆகிற செலவு மட்டும். திறக்கும்போது நீங்கள் எதிரில் உட்கார வேண்டும். விலை உயர்ந்தது, தேதி கிழமை காட்டும் சிக்கலானது, தங்கக் கேஸ் எல்லாம் தொடமாட்டேன், யாரிடம் போகலாம் என்று சொல்கிறேன். என் கையாலும் கெடலாம் என்று தெரிந்தே கொடுங்கள். கெட்டால் பதினொரு நாள் மறைக்காமல் அன்றே சொல்லிவிடுவேன்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்தால் கழற்றி மாட்டச் சொல்லித் தருகிறேன். பழகுவதற்கு நான் கெடுத்த வாட்ச்களே இருக்கின்றன.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். இங்கே வந்த புதிதில் அவருக்கு நாள் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது காலை எழுந்ததும் முதல் வேலை வாட்சுக்குச் சாவி கொடுப்பது. பிறகு காதில் வைத்துக் கேட்பார். பிறகு ரேடியோவில் ஏழு மணிச் செய்திக்கு முள்ளைச் சரிசெய்வார். போன பங்குனியில் நம்பெருமாள் நம்ம ஜீயபுரத்துக்கு எழுந்தருளினார் அல்லவா, அன்றைக்கு அப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். பல்லக்கு கண்ணில் பட்டதும் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் கூப்பினோம். அவரும் கும்பிட்டார். கும்பிட்டு முடித்ததும் சட்டைக் கையை விலக்கி வாட்சைப் பார்த்து, பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து, நேரத்தை எழுதிக்கொண்டார்.

வாட்ச் வைத்திருப்பவர்கள் பெயரை வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம், அங்கே காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். செக்யூரிட்டி அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், அதில் எழுதுங்கள்.